இரும்புக்கை வாங்கிய கடைசி அடி

இரும்புக்கை அதேகன்பிதான் எங்கள் இலுமேரோவின் அடுத்த ராஜா என்று தெரிந்ததும் ஊரில் முதலில் தீர்ந்துபோனது விளார்தான். செவ்வாய்க்கிழமை காலையில் குறிசொல்லி பனங்கொட்டைகளை உருட்டி அவர் பெயரைச் சொன்னார். மத்தியானத்துக்குள் ஆற்றங்கரைப் புதரில் உருப்படியாக ஒரு குச்சி மிச்சமில்லை. ஹெட்மாஸ்டர் முதல் மோட்டார்சைக்கிள் டாக்சிக்காரர்கள் வரை வெட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். ஊறின விளார்தானே சுளீரென்று பிடிக்கும்!

ராஜாவான பிறகு அவர் மேல் ஒருத்தர் விரல் படக்கூடாது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. 'கபியேசி' என்று கூப்பிடுவதே அதற்குத்தான். எவரும் கேள்வி கேட்க முடியாதவர் என்று பொருள். அதனால் முடிசூட்டுக்கு முன்னால் மூன்று மாதம் தனிவீட்டில் இருக்க அழைத்துப் போகிற அன்று, சந்தையிலிருந்து அந்த வீட்டு வாசல்படி வரைக்கும், ஊரில் யார் வேண்டுமானாலும் அவரை அடிக்கலாம். அவர் கை ஓங்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. இரண்டில் எது தவறினாலும் கிரீடம் அடுத்த வம்சத்துக்குப் போய்விடும். இதுவரை வந்த ராஜாக்களை ஜனங்கள் பேருக்குத் தட்டி அனுப்பிவைத்தார்கள். ஒருவர் வாத்தியார், ஒருவர் கோக்கோ வியாபாரி. அவர்கள் மேல் யாருக்கு என்ன கோபம்? இவர் அப்படியா? முப்பத்தைந்து வருஷம் போலீஸ்! கான்ஸ்டபிளாகச் சேர்ந்து டி.எஸ்.பி.யாக ஓய்வு பெற்றவர். நடுவில் ஆறு வருஷம் சொந்த ஊர் ஸ்டேஷனிலேயே இருந்தார். ஊர் எல்லைச் சாவடியில் அவர் கை பேசுகிற அளவுக்கு வாய் பேசாது. இரும்புக்கை என்ற பட்டம் சும்மா வரவில்லை.

ஆசை இல்லை என்று அவர் சொன்னால் அது பச்சைப் பொய். மூன்று வம்சங்கள் மாறி மாறி ஆளுகிற ஊர் இது. அவருடைய வம்சத்துக்குக் கடைசியாக முறை வந்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது. இதைக் கோட்டைவிட்டால் இன்னும் இரண்டு ராஜாக்கள் போய்ச் சேர்ந்தால்தான் மறுபடி முறை வரும். அறுபத்துமூன்று வயதில் அதற்குக் காத்திருக்க முடியுமா? சேதி வந்த அன்று மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. குளிக்கிற இடத்தில் தனியாக ஆடினதை அவர் மனைவி மோரெனிகே கதவிடுக்கில் பார்த்துவிட்டாள்.

"ஆடினது போதும். திரும்பி நில்லுங்க" என்றாள். அவள் கையில் விளக்குமாறு இருந்தது. முதுகில் ஒன்று வைத்தாள். அவர் கை தானாக மேலே போயிற்று.

"பாத்தீங்களா, கை போகுது!"

"சொல்லாம கொள்ளாம அடிச்சா போகாதா?"

"ஆமா, சனிக்கிழமை எல்லாரும் மனு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்து அடிப்பாங்க!"

மறுபடி அடித்தாள். மறுபடி கை போயிற்று. இருபது தடவை ஆயிற்று, இருபது தடவையும் போயிற்று. அவருக்கே பயம் வந்துவிட்டது. மோரெனிகே முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், அவ்வளவு சுலபத்தில் விடமாட்டாள்.

"பரேடுல நிக்கறீங்க. மந்திரி எதிர்ல நிக்கறார். உங்க மூக்குல ஒரு ஈ. கை அசையுமா?"

"செத்தாலும் அசையாது."

விளக்குமாறு விழுந்தது. கை தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் கலைந்து ஓடின.

சனிக்கிழமை காலை சந்தையில் எள் போட்டால் எள் விழாது. இடுப்பில் ஒரு வெள்ளைத் துணியோடு அதேகன்பி வந்து நின்றார். ராஜாவைத் தேர்ந்தெடுக்கிற ஆறு பெரியவர்களில் மூத்தவர், எண்பது வயது ஃபலோடுன், கோலைத் தரையில் தட்டினார். அவ்வளவுதான்! மேளம் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மேளம் சும்மா தாளம் போடாது, பேசும். அன்றைக்கு அது அவருடைய பழைய பேச்சையே பேசிற்று: "லைசென்ஸ் எங்கே? லைசென்ஸ் எங்கே?" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"இது என் ஸ்கூட்டரைப் புடிச்சு வெச்சதுக்கு!" என்று ஹெட்மாஸ்டர் முதல் அடியைப் போட்டார். எஜமானே என்கிற மாதிரி 'ஓகா' என்று கூப்பிட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிள்காரர்கள் பன்னிரண்டு பேர் வரிசையில் வந்தார்கள். "ஓகா, இது அந்த மழை நாளுக்கு!" "ஓகா, இது என் மச்சானுக்கு!" அவரிடம் வேலை பார்த்த ஏட்டு ஒருத்தர்கூட, "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வைத்தார். எரிச்சலில் முதுகு பற்றியெரிந்தது. அப்படியும் உள்ளுக்குள் அவருக்கு ஒரே கும்மாளம். ஒவ்வொரு அடியும் வாசல்படிக்கு ஓர் அடி நெருக்கம் என்று நடந்தார்.

அடுத்த வம்சத்துக்காரர் அதேட்டுயி, லாகோஸில் பெரிய காண்ட்ராக்டர். அவருடைய ஆட்கள் லாரி மேல் ஏறி நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் குதித்து வந்து இவர் காதோரம் விளாரால் ஒரு இழுப்பு இழுத்தான். இரும்புக்கை மார்பு வரைக்கும் எழும்பிவிட்டது!

"ஈ! ஈ!" என்று பின்னாலிருந்து மோரெனிகே அலறினாள்.

கை இறங்கிற்று. ஏன் இந்தம்மா ஈ என்று கத்துகிறாள் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

வாசல்படிக்குப் பத்தடி இருக்கும்போது இயா அபேக்கே குறுக்கே வந்தாள்.

அவள் அங்கே பயறு வடை சுட்டு விற்கிறவள். சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கையில் விளார் இருந்தது, ஆனால் அதைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள். இவளுக்குத்தான் அவர் நேற்றிலிருந்து பயந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன், வேன் டிரைவர் படமோசி, பிள்ளைக்குப் பேர் வைக்கத் தேன் புட்டியும் கோலாக்காயும் வாங்கிக்கொண்டு வந்தபோது சாவடியில் நிறுத்தினார். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். ஒரு அறை, இரண்டு நாள் லாக்கப். எட்டாம் நாள் பேர் வைப்பதைத் தள்ளிப்போட முடியுமா? குழந்தை நாக்கில் யாரோ பெரியப்பன் தேன் தடவினான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் ஸ்டேஷன் வாசலில் வந்து ஏன் என்று கேட்டபோது, தலைநிமிராமலே விரட்டச் சொன்னார். போன வருஷம் படமோசி செத்துப்போனான்.

"நான் அடிக்க வரல ஓகா" என்றாள். மேளச் சத்தத்தில் அவருக்கு மட்டும்தான் கேட்டது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க முடி வெச்சுட்டா அப்புறம் கேக்க முடியாதுல்ல. அவரை எதுக்கு உள்ள போட்டீங்க?"

"நடங்க, நடங்க!" என்று மோரெனிகே பின்னால் தவித்தாள்.

பத்தே அடி. பேசாமல் தாண்டிப் போனால் கிரீடம் அவருடையது. பணிக்கு இடையூறு என்று அன்றைக்கு ஸ்டேஷன் நோட்டில் தன் கையாலேயே எழுதினது ஞாபகம் வந்தது. அது பொய் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி இவள் கேட்கவே முடியாது என்பதும் தெரியும்.

"காரணமே இல்லம்மா" என்றார். "காலையிலேர்ந்து வெயில்ல நின்னேன். என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டான். அவ்வளவுதான்."

"பேசிட்டான்! வாய் அசைஞ்சுது!" லாரி மேலிருந்தவர்கள் குதித்தார்கள். "போன்ல இருக்கு!"

ஃபலோடுன் கோலை உயர்த்தினார். மேளம் நின்றது. போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இவ முதுகுதான் தெரியுது. மேளந்தான் கேக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு இயா அபேக்கே பக்கம் திரும்பினார். "பக்கத்துல நின்னவ நீதான். நீ சொல்றதுதான் தீர்ப்பு. பேசினாரா?"

அதேகன்பி தரையைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்குமா? அவள் பொய்கூடச் சொல்ல வேண்டாம், ஆமாம் என்றால் போதும்.

"பேசினாரா? இவரா?" என்றாள் இயா அபேக்கே, ஊருக்கே கேட்கும்படி. "கைப்பிள்ளையோட ஸ்டேஷன் வாசல்ல நின்னு கேட்டேன், அன்னிக்கே பேசாத மனுஷன். இன்னிக்கா பேசப்போறார்? வலியில முனகியிருப்பார்."

"நீ அடிக்கவே இல்லியே!" என்று ஒருவன் கத்தினான்.

"இதோ அடிக்கறேன்!"

விளார் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து தோளில் விழுந்தது. அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய அடி அதுதான். அவர் கை அசையவில்லை. ஈயை யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. "இது என்னைப் பொய் சொல்ல வெச்சதுக்கு" என்று அவர் காதுக்கு மட்டும் சொல்லிவிட்டு அவள் வழிவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய அவர் படியைத் தாண்டினார். மேளம் வெடித்தது. மோரெனிகே தெருவென்றும் பாராமல் ஆடினாள்.

மூன்று மாதம் கழித்து முத்துக் கிரீடத்தோடு வெளியே வந்த கபியேசி போட்ட முதல் உத்தரவு, இயா அபேக்கே மட்டும் அரண்மனையில் ஏன் என்று கேட்கலாம் என்பதுதான். அவளா விடுவாள்? சந்தை நாள் தவறாமல் வடைக்கூடையோடு வந்து நிற்கிறாள். போன தடவை, ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு ஏன் இன்னும் பள்ளமாகவே கிடக்கிறது என்று கேட்டாள். முகத்தை மறைக்கிற முத்துச் சரங்களுக்குப் பின்னாலிருந்து ராஜா ஆள் வைத்துப் பேசாமல் தன் வாயாலேயே பதில் சொன்னார். அவளுக்குப் பதில் சொல்லும்போது மட்டும் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்.