இறங்க மனசு வராத வண்டி

என் மனைவி போட்டது ஒரே நிபந்தனைதான்.

"வாங்கிக்குங்க. நான் வேண்டாங்கலை. ஆனா உள்ள ஏறி, ஓட்டிப் பாத்துப்போட்டு, யாரும் கை குடுக்காம நீங்களா எறங்கோணும். நான் பத்து எண்ணறதுக்குள்ள. எறங்கிட்டீங்கன்னா வண்டி உங்களுது. எறங்கலைன்னா இனி நம்மூட்டுல ரேஸ் காருங்கற பேச்சே வரக்கூடாது."

அந்தப் பத்து அவள் கண்டுபிடித்ததல்ல, நானே எடுத்துக் கொடுத்தது. கோயமுத்தூருக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் கட்டிவிட்டு நம் காரை நாமே அதில் ஓட்டலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. வண்டி தீப்பிடித்தால் தப்பிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பத்து எண்ணுவதற்குள் பெல்ட்டைக் கழற்றி, தானாக வெளியே வந்து நின்று காட்ட வேண்டும். இதை ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ மறுநாள் காலை சந்திரனுக்குக் கிளம்புகிறவன் மாதிரி விவரித்திருந்தேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை என்று நினைத்தேன். ரசம் ஊற்றும்போது அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

என் உடம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மோசமில்லை. ஜவுளிக்கடையில் என்னைக் கண்டதும் எதுவும் கேட்காமலே பெரிய சைஸ் இருக்கும் மேல் தட்டுக்கு ஏணி போடுவார்கள், அவ்வளவுதான். பம்ப்செட் விற்பது என் தொழில். பீளமேட்டிலிருந்து காந்திபுரம், காந்திபுரத்திலிருந்து பீளமேடு. முன்னால் போகும் டவுன் பஸ்ஸின் பின்கண்ணாடியைப் பார்த்தபடியே பாதி ஆயுசு போய்விட்டது. முதல் கியர், இரண்டாவது கியர், பிரேக். மறுபடியும் முதல் கியர். என் காரில் ஐந்தாவது கியர் இருப்பதாக விற்றவர் சொன்னார். பெரிய மனுஷர், பொய் சொல்ல மாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எதிரே ஆடு வராத, ஸ்பீடு பிரேக்கர் இல்லாத, முன்னால் பஸ் நிற்காத ஒரு தடத்தில் வண்டியை அதன் இஷ்டத்துக்கு ஒரே ஒரு தடவை விட வேண்டும். நாற்பதைத் தாண்டியவனுக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் வாய்க்கவில்லை. இதுதான் வாய்த்தது.

இணையத்தில் விளம்பரம் பார்த்தேன். வண்டி காங்கேயத்தில் இருந்தது. இரண்டு கதவு வைத்த பழைய ஜப்பான் கார், நல்ல சிவப்பு. இஞ்சின், ஸ்பிரிங், சைலன்சர் எல்லாம் டிராக்குக்காக மாற்றியது. படத்தில் வண்டிக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நானும் மனைவியும் போய் இறங்கிய இடம் ஒரு தேங்காய் எண்ணெய் மில். முன்னால் கிரிக்கெட் மைதானம் மாதிரி சிமெண்டுக் களம். நடுவில் வெள்ளை வெளேரென்று கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. படத்தில் பார்த்த பையனை முழுசாகச் சாப்பிட்டு முடித்தவர் போல ஒருவர் மில்லுக்குள்ளிருந்து வந்தார்.

"வாங்க வாங்க. போட்டோவுல இருக்கறது நானேதானுங்க. கல்யாணத்துக்கு முன்னால எடுத்தது."

புத்தியுள்ளவன் அங்கேயே திரும்பியிருப்பான். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய அம்மா இளநீரோடு வந்தார். "ஏனுங் கண்ணு, உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்று என் மனைவியிடம் ஆரம்பித்தார். இவள் சத்தியமங்கலம் என்றாள். சத்தியமங்கலத்தில் எந்த வீதி என்று அவர் கேட்டார். இவள் சொன்னாள். அந்த வீதிக்கு அடுத்த வீதியில்தான் அவருடைய தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தது. நான் இளநீரைக் குடித்து முடிப்பதற்குள் நாங்கள் ஒறம்பரை ஆகிவிட்டோம். எங்கள் பக்கத்தில் ஒறம்பரை என்றால் சொந்தக்காரர்களும் விருந்தாளிகளும் ஒன்றுதான். இரண்டு பேரையும் சாப்பிடாமல் விட மாட்டார்கள்.

"நீ உள்ள வா அம்மணி. அவிய வண்டியப் பாக்கட்டும்."

மனைவி போகிற போக்கில் என்னைத் திரும்பிப் பார்த்து, பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

காருக்குள் பின்சீட்டு கிடையாது. அந்த இடம் முழுக்க இரும்புக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் இருப்பதற்காம். அதில் ஒரு குழாய் கதவை மறித்துக்கொண்டு, உட்கார்ந்தால் முழங்கை உயரத்துக்குப் போனது. கதவைத் திறந்தாலும் அந்தக் குழாயைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு இருந்தது பக்கெட் சீட். பேருக்கேற்றபடி அது வாளியேதான், இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் வாளி. படத்தில் இருந்த பையனின் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தது. ஸ்டீயரிங்கைத் தனியாகக் கழற்றி மாட்டலாம்.

ஏறும்போது ஒரு சிரமமும் இல்லை. புவியீர்ப்பு விசை என் பக்கம் இருந்தது. குழாயைத் தாண்டிக் காலை விட்டேன், கையை விட்டேன், மிச்சத்தைப் பூமி பார்த்துக்கொண்டது. 'பொதுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ரொம்பப் பாந்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அவர் ஸ்டீயரிங்கை மாட்டிவிட்டுச் சொன்னார், "களத்தச் சுத்தி ஓட்டுங்க. நானும் இங்கயேதான் பழகுனேன்."

சாவியைத் திருகியதும் முதுகெலும்புக்குள் யாரோ உலக்கை போட்டு இடிப்பது மாதிரி இருந்தது. கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி கத்தினாள். "ஏனுங் சாமி, கொப்பரைய அரைக்கறதுக்கு உள்ள செக்கு இருக்குதுங்க. நீங்க சிரமப்படாதீங்க!"

கொப்பரையைச் சுற்றி ஓட்டினேன். ஓரத்தில் திருப்பினால் வண்டி என்னைக் கேட்காமலே திரும்பியது. மூன்றாவது கியர் போட்டேன். பீளமேட்டில் அப்படி ஒரு கியர் போட்டால் டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் போய் நிற்போம். வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தக் களத்தில் எனக்கு முன்னால் போக ஒன்றுமே இல்லை.

வண்டியை நிறுத்தினேன். பெல்ட்டைக் கழற்றினேன். ஸ்டீயரிங்கைக் கழற்றிக் கையில் எடுத்தேன். எழுந்தேன்.

எழுந்தேன் என்று எழுதிவிட்டேன். எழவில்லை. நான் எழ முயன்றதும் சீட்டும் என்னோடு எழ முயன்றது, ஆனால் அதை வண்டியோடு போல்ட் போட்டிருந்தார்கள். வலது பக்கம் சாய்ந்தேன், குழாய் தோளில் இடித்தது. இடது பக்கம் சாய்ந்தேன், சீட்டு இடுப்பை இன்னும் பிரியமாகப் பிடித்தது. மனைவி கையைத் துடைத்தபடி வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"எண்ணட்டுங்களா?"

"சித்தெ இரு அம்மணி. இஞ்சின் சூடு ஆறட்டும்."

இஞ்சின் சூட்டுக்கும் நான் இறங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வண்டியை விற்பவர் ஜன்னல் பக்கம் குனிந்தார். "எறங்க மனசே வரலை, பாத்தீங்களா?" என்றார். கூரையை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். "எனக்கும் அப்புடித்தானுங்க இருக்கும். சும்மா உக்காந்தே இருப்பேன்."

"ஆமாங்க, மனசே வரலீங்க" என்றேன். பாதி உண்மை. வராதது மனசு இல்லை.

மனைவி மறுபடியும் வீட்டுக்குள் போனாள். போனதும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு தம் கட்டினேன். ஒரு விரல் அளவுக்கு மேலே வந்தேன். அப்போது அந்த அம்மா காப்பியோடு வந்துவிட்டதால் மூச்சை விட வேண்டியதாயிற்று. பழைய இடத்துக்கே போய்விட்டேன்.

"உக்காந்துட்டே குடிங்க தம்பி. எறங்கோணும்னு இல்லை."

காப்பிக்குப் பின்னால் மோர் வந்தது. மோருக்குப் பின்னால் ஒரு தட்டில் ஒப்புட்டு, அதாவது எங்கள் பக்கத்துப் போளி, வந்தது, மேலே நெய் உருகிக்கொண்டிருந்தது. வைக்க இடமில்லாமல் கழற்றின ஸ்டீயரிங்கை மடியில் வைத்து, அதன் மேல் தட்டை வைத்துக்கொண்டேன். வெளியே வர வேண்டிய மனிதன் உள்ளே உட்கார்ந்து ஒப்புட்டு தின்பது எந்த வகையிலும் உதவாது என்று தெரியும். ஆனால் ஒறம்பரை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. இரண்டாவது ஒப்புட்டும் வைத்தார்.

"நல்லாச் சாப்பிடுங்க. இதுக்கு முன்னால வண்டி பாக்க வந்தாருல்ல, திருப்பூர்க்காரரு, அவரும் இங்கயே உக்காந்துதான் சாப்பிட்டாருங்க."

கையிலிருந்த ஒப்புட்டைத் தட்டில் திரும்ப வைத்தேன். "அவரு எப்புடிங்க... எப்பங்க போனாரு?"

"பொழுது சாயத்தானுங்க போனாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா களத்தைப் பார்த்துக்கொண்டார். மகனும் களத்தைப் பார்த்தார். வந்தவரை 'மாட்டிக்கொண்டீர்களா' என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. வண்டியை விற்கிற அளவுக்கு மகன் ஏன் வந்தார் என்று அவருடைய இடுப்பைப் பார்த்து அப்போதுதான் புரிந்துகொண்டேன். அவர் கடைசியாக எப்படி இறங்கினார் என்று கேட்க நினைத்தேன். அதுவும் மரியாதை இல்லை.

மனைவி வந்தாள். "எண்ணட்டுங்களா?"

"ஒப்புட்டு கையெல்லாம் நெய்யி. சித்தெ..."

"சரீங்க. நானு கொப்பரை எப்புடிப் பொறட்டறாங்கன்னு பாத்துட்டு வாரேன்."

அவள் கொப்பரை பார்த்தாள், செக்கு பார்த்தாள், மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் காங்கேயம் காளையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தாள். காளை கூட என்னைவிடத் தாராளமான இடத்தில்தான் கட்டப்பட்டிருந்தது. நான் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீளமேட்டு டிராஃபிக்கிலாவது கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம். போவதில்லை, ஆனால் போகலாம்.

கடைசியில் என்னைத் தோற்கடித்தது சீட்டு இல்லை. இளநீரும் காப்பியும் மோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தன. இனி கௌரவத்தைப் பார்த்தால் சீட்டைக் காப்பாற்ற முடியாது என்கிற நிலை.

"அம்மணி" என்று கூப்பிட்டேன். "இங்க வா. கிட்ட வா."

வந்தாள்.

"எறங்க முடியலை."

"தெரியுமுங்க" என்றாள். "காப்பி குடுத்தனுப்பறப்பவே தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லலை?"

"நீங்களா சொல்லோணுமில்ல?"

அவள் திரும்பி அந்த அம்மாவிடம் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மா மில்லுக்குள் போய் ஒரு செம்பு நிறைய எண்ணெயோடு வந்த வேகத்தைப் பார்த்தால், செம்பு முன்னாலேயே நிரம்பி இருந்திருக்கிறது. "எண்ணெய் மில்லுல வந்து மாட்டிட்டு என்னத்துக்குங்க யோசனை" என்றபடி இரண்டு பக்கமும் ஊற்றினார். மகன் அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார். என் மனைவி ஒரு காலைப் பிடித்து இழுத்தாள். கொப்பரைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பாட்டில் மூடி திறக்கிற சத்தத்தோடு வெளியே வந்தேன். யாருக்கும் நன்றி சொல்லாமல், எண்ணெய் சொட்டச் சொட்ட, கழிவறை இருக்கும் திசையைக் கேட்டுக்கொண்டே ஓடினேன்.

கிளம்பும்போது விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒறம்பரையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அந்த அம்மா ஒரு டின் தேங்காய் எண்ணெய் கொடுத்தார். மகன் என் கையைப் பிடித்து, "மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டு செம்பு ஆச்சுங்க" என்றார்.

எங்கள் பழைய காரில், துண்டு விரித்து உட்கார்ந்து, தாளித்த பண்டம் போல மணந்துகொண்டு ஓட்டினேன். நிபந்தனை நிபந்தனைதான். இனி நம் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. பல்லடத்தில் முன்னால் ஒரு டவுன் பஸ் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டாவது கியருக்கு வந்தேன்.

"ஏனுங்க, அந்த டிராக்குல இந்த வண்டிய உடுவாங்களா?"

"எந்த வண்டிய?"

"இதையத்தான். ஊட்டு வண்டிய."

"ஹெல்மெட் போட்டா உடுவாங்க. ஏன்?"

"இதுல உங்களுக்கு எறங்க வருதில்ல?"

"பேச்சே வரக்கூடாதுன்னு சொன்ன?"

"ரேஸ் காருப் பேச்சத்தானுங்க சொன்னேன். இது ரேஸ் காருங்களா?" கொஞ்ச தூரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள், "களத்தச் சுத்தறப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். அதான்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போகிற காரில் ரேஸ் டிராக்குக்குப் போனேன். வண்டிக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். குடை, மனைவியின் பழைய செருப்பு, காலி அரிசிப் பை, இன்னும் இறக்காமலே டிக்கியில் கிடந்த அந்த எண்ணெய் டின் எல்லாவற்றையும் எடுத்துச் சுவரோரம் குவித்தேன். சோதிப்பவர் கடிகாரத்தை எடுப்பதற்குள் என் மனைவி எண்ண ஆரம்பித்துவிட்டாள். அவள் ஆறு சொல்லும்போது நான் வெளியே நின்று வேட்டி மடிப்பதுபோல் பேண்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். காருக்கு ஐந்தாவது கியர் இருக்கிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். தாண்டுவதற்கு இடம் இருந்தது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

முடித்துவிட்டு வந்து சுவரோரம் கிடந்த சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த அணிக்கான சோதனை நடந்துகொண்டிருந்தது. வரிசையில் முதலாவதாக அந்தச் சிவப்பு வண்டி நின்றது. உள்ளே புது முதலாளி உட்கார்ந்திருந்தார். திருப்பூர்க்காரரா என்று தெரியவில்லை. ஸ்டீயரிங்கைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு புன்னகை.

"எறங்கிக் காட்டுங்க. எண்ணட்டுங்களா?" என்றார் சோதிப்பவர்.

"சித்தெ இருங்க" என்றார் உள்ளே இருந்தவர். "இஞ்சின் சூடு ஆறட்டும்."

குடையைக் கீழே வைத்துவிட்டு எண்ணெய் டின்னின் மூடியைத் திருகினேன்.