மச்சான் மூன்று முறை நடந்தார்

பாப்பாரப்பட்டியில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு கடை தள்ளி 'மாதவ் டிஜிட்டல்' என்று ஒரு பலகை தொங்கும். அந்த மாதவராஜ் நான்தான். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பேன். விசேஷம் இல்லாத நாட்களில் ஆதார் கார்டுக்கு லேமினேஷன் போடுவேன். உண்மையைச் சொன்னால், லேமினேஷனில் நான் வாங்கிய நல்ல பெயரை வீடியோவில் இன்னும் வாங்கவில்லை.

இருபத்து மூன்று வயதில் சென்னைக்குப் போய் மூன்று மாதம் சினிமாப் படிப்பு படித்தேன். அதன் பிறகு ஒரு படத்தில் பதினோரு நாள் கிளாப் கட்டை பிடித்தேன். அந்தப் படம் வெளிவரவில்லை. அதற்கு நான் காரணமில்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். ஊருக்குத் திரும்பும்போது கையில் மிஞ்சியது ஒரு நூறு பக்க நோட்டு. அதில் சினிமாக்காரர்கள் புழங்கும் வார்த்தைகளை எல்லாம் அர்த்தத்தோடு எழுதி வைத்திருந்தேன்.

அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். மாப்பிள்ளையின் தலை பாதி வெட்டுப்பட்டு வந்தால் அது 'டைட் குளோசப்'. கை நடுங்கிப் படம் ஆடினால் 'ஹேண்ட் ஹெல்ட்'. மண்டபமே இருட்டாக வந்தால் 'லோ கீ லைட்டிங்'. பேட்டரி தீர்ந்துபோய், நலங்கிலிருந்து நேராகப் பந்திக்குத் தாவிவிட்டால் 'ஜம்ப் கட்'. பெண்ணின் பெரியப்பா படத்திலேயே இல்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால், "அவரு ஆஃப் ஸ்கிரீன்ல இருக்காருங்க" என்பேன். அதாவது இருக்கிறார், ஆனால் ஃபிரேமுக்கு வெளியே இருக்கிறார். வந்தவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விடுவார். புரியாத வார்த்தைக்கு நம் பக்கத்தில் மரியாதை அதிகம். அந்த மரியாதையில்தான் பதினேழு வருஷம் குடும்பம் நடத்தினேன்.

போன வைகாசியில் என் மகள் கலைமதிக்குக் காது குத்தினோம். வேறு யாரையாவது வீடியோவுக்குக் கூப்பிடச் சொன்னாள் என் மனைவி சசிகலா. "நீங்க அப்பனாட்டம் வந்து மணையில உக்காருங்க, போதும்" என்றாள். சொந்த மகள் விசேஷத்தை இன்னொருத்தன் எடுப்பதா என்று நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டேன். என்னைப் பார்த்தால் சாமி தூக்க வந்தவன் மாதிரியும் இருந்தது, போலீஸ் அனுப்பிய ஆள் மாதிரியும் இருந்தது.

காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். சீர்த்தட்டுகளோடு மாரியம்மன் கோயிலிலிருந்து பம்பை அடித்து அவரை அழைத்துவர வேண்டும். அப்புறம் பிள்ளை அவர் மடியில் உட்கார வேண்டும். ஊர் பார்த்தது மட்டும் போதாது. பின்னாடி சொந்தபந்தமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து, மாமன் எப்படி வந்தார், என்ன கொண்டுவந்தார் என்று பார்த்தால்தான் அந்தச் சீர் நிறைவாகும்.

சசிகலாவின் அண்ணன் நஞ்சப்பன் பாலக்கோடு பக்கத்தில் தக்காளி விவசாயம் செய்கிறவர். அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு இரண்டு வண்டி நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டை எடுத்தார். பம்பை முழங்க, கோயிலிலிருந்து எங்கள் வீடு வரை தார் ரோட்டில் நடந்து வந்தார். மணி பதினொன்றரை.

நடந்து வந்தவரை நான் நிறுத்தினேன்.

"மச்சான், கட். கேமராவைப் பாத்துட்டீங்க. திரும்பப் போய் வாங்க" என்றேன். போனார், வந்தார். பின்னால் வந்த பெண்கள் முந்திக்கொண்டு ஃபிரேமுக்குள் வந்துவிட்டார்கள். "கட். கன்டினியூட்டி போச்சுங்க மச்சான், இன்னொரு டேக்" என்றேன். மறுபடியும் போனார், வந்தார். மூன்றாவது டேக் நன்றாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மூன்று டேக்கில் ஒன்றுகூட இல்லை.

என்ன நடந்தது என்று புரிய அரை மணி நேரம் ஆனது. கோயிலிலேயே சோதனைக்கு ஒருமுறை பட்டனை அமுக்கியிருக்கிறேன். கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. வெயிலில் திரை தெரியவில்லை, சிவப்புப் புள்ளியும் தெரியவில்லை. அதனால் 'ஆக்‌ஷன்' என்று சொல்லி நான் அமுக்கியபோதெல்லாம் கேமரா நின்றது. 'கட்' என்று சொல்லி அமுக்கியபோதெல்லாம் ஓடியது. மாமன் சீர் கொண்டுவந்தது எதுவும் பதிவாகவில்லை. அவர் தட்டோடு திரும்பிப் போனதுதான் பதிவாகியிருந்தது. அதுவும் கேமரா என் வயிற்றில் தலைகீழாகத் தொங்கியபோது. வெறும் கால்கள், தார் ரோடு, என் வேட்டிக் கரை.

நோட்டைப் புரட்டினேன். நல்லவேளையாக 'மாண்டேஜ்' என்று ஒன்று இருந்தது. துண்டு துண்டான காட்சிகளை அடுக்கி ஒரு பெரிய சங்கதியைச் சுருக்கமாகச் சொல்வது. வீட்டுக்குள் வந்த பிறகு திரை தெரிந்ததால், அங்கே வைத்திருந்த தட்டுகளை ஒழுங்காக எடுத்திருந்தேன். ஒரு வாழைப்பழச் சீப்பு, ஒரு பட்டுப்பாவாடை, ஒரு தேங்காய். ஏழு நொடி. பின்னணியில் புல்லாங்குழல் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துச் சொந்தமும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். தேங்காய் வந்தது, போனது. அடுத்து காது குத்துகிற ஆசாரி வந்துவிட்டார்.

"ஏப்பா, மாமன் நடந்து வந்ததெங்க?" என்று கேட்டார் நஞ்சப்பனின் சித்தப்பா.

பட்டனை மாற்றி அமுக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். ஆனால் அங்கே என் தம்பிமார் இருந்தார்கள், என்னிடம் வீடியோ கொடுத்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, "அது மாண்டேஜுங்க. நடந்து வர்றதெல்லாம் கதைக்குத் தேவையில்லைன்னு வெட்டிட்டேன்" என்றேன்.

 நஞ்சப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கலைமதியின் தலையில் ஒருதரம் கை வைத்தார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை, போனும் இல்லை.

எட்டு மாதம் ஓடியது. அவருடைய மகள் மலர்விழிக்குத் தை கடைசியில் கல்யாணம் முடிவானது. பொங்கல் கழிந்ததும் பத்திரிகை வைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அந்த மூன்று வீட்டுக்கும் போக வேண்டும். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அத்தைக்கு அழைப்பில்லை என்றால், சசிகலாவுக்குப் பிறந்த வீடே இல்லை என்றாகிவிடும். அவள் அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். ஒரு கட்டு ஆய்ந்து முடிந்ததும் இன்னொரு கட்டை எடுத்தாள்.

"எங்கண்ணனை எதுக்குங்க வெட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"அது வந்து சசி, மாண்டேஜ்னா என்னன்னா..."

"நான் தமிழ்லதானுங்க கேக்கறேன்."

 வெட்கமாக இருந்தது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

நஞ்சப்பன் வீட்டுக் கொட்டகையில் தக்காளி மலை மாதிரி குவிந்திருந்தது. அவரும் அவர் மனைவி நிர்மலாவும் இரண்டு கூலிப் பெண்களும் பழத்தைத் தரம் பிரித்து டிரேயில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடிவதற்குள் மண்டிக்குப் போக வேண்டிய பழம்.

"வாங்க" என்றார். மாப்ள என்று சேர்க்கவில்லை. நிர்மலா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். அதில் 'எடிட்டிங்' நாலு இடத்தில் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். காலி டிரேயைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்தேன்.

"மச்சான், இதைக் கொஞ்சம் பாருங்க. நான் வெட்டலைங்க. எங்கிட்ட இருந்ததே இதுதான்."

தலைகீழாகத் தார் ரோடு ஓடியது. வெறுங்கால்கள் வந்தன. சூடு தாங்காமல் மாற்றி மாற்றித் தூக்கி வைக்கிற கால்கள். எங்கோ மேலேயிருந்து என் குரல்: "கன்டினியூட்டி போச்சுங்க மச்சான்." கூலிப் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து சித்தப்பாவின் குரல் வந்தது. "ஏன்டா நஞ்சப்பா, இவனுக்கு என்ன பைத்தியமா? கால் வேவுது. எத்தனை தடவைடா நடக்கறது?"

அதற்கு நஞ்சப்பனின் குரல். "இருக்கட்டுங்க சித்தப்பா. நம்ம மாப்ள எடுக்கறாரு. இன்னொருக்கா நடந்தா என்ன கொறஞ்சு போச்சு? பாப்பா பெரிசானதும் பாக்கும், நல்லா வரட்டும்."

 நஞ்சப்பன் கையிலிருந்த தக்காளியைக் கீழே வைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பித்தவெடிப்பு விழுந்த அந்தக் கால்கள் தன்னுடையவை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் குரலை நான் எட்டு மாதத்துக்கு முன்பே கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் புல்லாங்குழல் போட்டேன். என்னை நானே எத்தனை கேலி செய்துகொண்டாலும் இந்த ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

படம் முடிந்தது. நஞ்சப்பன் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்துக்கும் ஒரு பேரு சொல்லுவீங்களே. இதுக்கு என்ன பேருங்க?"

"இதுக்குப் பேரெல்லாம் இல்லைங்க மச்சான். பட்டனை மாத்தி அமுக்கிட்டேன். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்."

அவர் தக்காளியை டிரேயில் வைத்தார். "வேணாம்னு வெட்டிட்டீங்கன்னுல்ல நெனச்சேன். வெயில்ல நடந்தது பெருசில்ல மாப்ள. தேவையில்லைன்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தைதான் வூடு வரைக்கும் கூடவே வந்துச்சு" என்றார்.

தொட்டியில் போய்க் கை கழுவினார். உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "நிர்மலா, தட்டை எடு. பத்திரிகையும் குங்குமமும் வெய்யி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணு மட்டும் சொல்லிப்புடறேன் மாப்ள. கல்யாணத்துக்கு வீடியோவுக்கு ஆள் சொல்லியாச்சு. நீங்க பேசாம மொத வரிசையில உக்காருங்க" என்றார். பதினேழு வருஷத் தொழிலுக்கு அதைவிடச் சரியான விமர்சனம் வந்ததில்லை. நான் தலையாட்டினேன்.

அவர்கள் இருவரும் பைக்கில் வர, நான் பஸ்ஸைப் பிடித்தேன். நான் வீடு சேர்ந்தபோது அண்ணனும் அண்ணியும் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கலைமதி மாமன் மடியில் இருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் பத்திரிகைத் தட்டு இருந்தது. சசிகலாவின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைச் சமையலறைப் பக்கம் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்கண்ணங்கிட்ட என்னங்க சொன்னீங்க?"

"தமிழ்ல சொன்னேன்" என்றேன்.