புளியமரத்தைச் சுற்றிப் போன கிழங்கு லோடு

1. மரம்

சின்னசேலத்துக்குச் சற்று முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த காலம் அது. மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டம். இந்தப் பக்கம் ஏழு லாரி, எட்டாவது என் வண்டி. காலை பத்து மணி இருக்கும்.

வண்டியில் கரியாலூரிலிருந்து ஏற்றிய மரவள்ளிக் கிழங்கு. பக்கத்து சீட்டில் கிழங்குக்குச் சொந்தக்காரர் சடையன், மலைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதுவரை அவர் ஊரில் எல்லோரும் தரகரிடம்தான் கிழங்கைக் கொடுத்துவந்தார்கள். தரகர் சொன்னதுதான் எடை. சடையன் முதல்முறையாகத் தானே லாரி பிடித்து நேராக ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிக்குக் கொண்டுபோகிறார். இது நல்லபடியாக முடிந்தால் இன்னும் ஐந்து வீட்டுக்காரர்கள் அதேபோல் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

கிழங்கைப் பிடுங்கி இரண்டு நாளுக்குள் பேக்டரியில் இறக்க வேண்டும். தாண்டினால் உள்ளே கருப்பு ஓடிவிடும். எங்கள் கிழங்கு முந்தின நாள் மத்தியானம் பிடுங்கியது.

முன் வண்டி டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "குந்துப்பா. சாயங்காலம் ஆபீசருங்க வந்து பேசுவாங்க, வுட்டுருவாங்க."

மறியலில் இருந்த பெரியவர் ஒருவர் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். "கெழங்கா? நாங்களும் வெவசாயிங்கதான். பொழுது சாயற வரிக்கும் பொறுத்துக்கினு இரு."

சடையனும் அதையே சொன்னார். "நாளைக்கு மதியம் வரிக்கும் தாங்குங்க. நிக்கலாம்."

எனக்குத்தான் நிற்கப் பிடிக்கவில்லை. சந்துபொந்தெல்லாம் தெரிந்தவன் என்று லாரி ஸ்டாண்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் தலைக்கு ஏறியிருந்தது. ரிவர்ஸ் எடுத்தேன்.

2. ஏரிக்கரை

கொஞ்ச தூரம் திரும்பி வந்தால் ஒரு மண்ரோடு பிரிந்து ஏரிக்கரை மேல் போகிறது. எதிரே சைக்கிளில் வந்தவரை நிறுத்தினேன்.

"அண்ணே, இப்படிப் போனா ஆத்தூர் ரோட்டப் புடிக்கலாமா?"

"புடிக்கலாம்."

"லாரி போவுமா?"

"நேத்துகூட ஒண்ணு போச்சே."

எனக்கு அது போதும். நேற்றுப் போன லாரி செங்கல் ஏற்ற காலியாகப் போனது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்மேல் தப்பில்லை. நான் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னார்.

பாதிக் கரையில் ஒரு மதகு. அதன்மேல் மண் இளகிக் கிடந்தது. இறங்கி நடந்து பார்த்திருந்தால் காலுக்கே தெரிந்திருக்கும். இடது பக்கப் பின் டயர்கள் ஆக்சில் வரைக்கும் புதைந்தன. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் நடவு வயல்.

சடையன் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாங்க இது, திருப்பக்கூட எடமில்லியே."

ஐந்து மணிக்கு ரோட்டில் சத்தம் கேட்டது. மரத்தை உருட்டி ஓரம் தள்ளியிருந்தார்கள். நின்ற லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புவது கரையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஏழும் போயின. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டிராக்டர் கிடைத்தது மறுநாள் மத்தியானத்துக்குமேல். பாதிக் கிழங்கைக் கரையில் இறக்கி, வண்டியை இழுத்து, மறுபடி ஏற்றிப் பேக்டரி போய்ச் சேர மூன்றாம் நாள் காலை ஆகிவிட்டது. அங்கிருந்த மேஸ்திரி ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தார். இன்னொன்றை ஒடித்தார்.

"உள்ள பூரா கருப்பு. அப்படியே திருப்பிக்கினு போய்யா."

பத்து மாதம் மண்ணில் கிடந்த கிழங்கு. சடையன் ஒடித்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

3. புது டிரைவர்களுக்கு

தெரியாத ரோட்டைப் பற்றி சைக்கிள்காரரிடம் கேட்காதீர்கள், டிராக்டர்காரரிடம் கேளுங்கள். முன்னால் போன வண்டி லோடா காலியா என்று கேளுங்கள். எந்த இடத்தில் வண்டியைத் திருப்பலாம் என்று தெரியாமல் உள்ளே விடாதீர்கள். சந்தேகம் வந்தால் இறங்கி நடங்கள், கால் தேய்ந்துவிடாது. இப்போது போன் வழி காட்டுகிறது. ஆனால் நீங்கள் எத்தனை டன் ஏற்றியிருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. லோடு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சரக்குக்காரரைக் கேட்டுவிட்டு அப்புறம் ரூட் போடுங்கள். நின்று காத்திருப்பதும் ஒரு ரூட்தான். என் கையில் அன்றைக்கு முழுசாக ஒரு நாள் இருந்தது. மறியலால் லோடு போச்சு என்றுதான் ரொம்ப நாள் ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். மரத்துக்கு முன்னால் காத்து நின்ற ஏழு லாரியும் அன்று சாயங்காலமே கிளம்பிப் போனதைச் சொல்லவில்லை.

அடுத்த அறுவடைக்குக் கரியாலூர் போனேன். அந்த ஐந்து வீட்டுக் கிழங்கும் தரகர் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. சடையன் கிழங்கும் அதில்தான்.

"சடையண்ணே, இந்த வாட்டி நான் ஏத்தினு போறேன். வாடகை வாணாம்" என்றேன்.

என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கோபமெல்லாம் இல்லை.

"வேணாங்க. தரகரு எடையில கம்மி பண்றாருதான். ஆனா அவரு வண்டி டிரைவரு நிக்கச் சொன்னா நிக்கிறாருங்க."