நான் தாண்டிய முப்பது பக்கங்கள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில், ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே ஷூ தைப்பவர்கள். ஷூவின் மேல்பாகத்தைக் கம்பெனி வேன் காலையில் மூட்டையாகக் கொண்டுவந்து போடும், தைத்ததைச் சாயங்காலம் வந்து எடுத்துப் போகும். தோலில் ஏற்கெனவே துளை போட்டிருக்கும். இரண்டு ஊசியில் மெழுகு நூல் கோத்து, ஒரு துளையும் விடாமல் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். நானும் இருபது வருடம் தைத்தவள்தான். நூலை இழுத்து இழுத்துக் கட்டைவிரல் மடங்காமல் போனதும், மூட்டையைப் பிரித்துக் கொடுப்பதும் தைத்ததைச் சரிபார்ப்பதும் என் வேலையாகிவிட்டன. மிச்ச நேரத்தில், எங்கள் முன்னறையில் கூடி உட்கார்ந்து தைக்கிறவர்களுக்குக் கதை படிப்பேன். டிவி போட்டால் கண் அங்கே போய்விடும், தையல் கோணிக்கொள்ளும். காதுக்கு மட்டும் வேலை கொடுத்தால் கை அதுபாட்டுக்கு ஓடும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. குரல் நன்றாக இருக்கிறதென்று வேறு சொல்லிவிட்டார்கள், கேட்க வேண்டுமா!

நூலகத்திலிருந்து நாவல்கள் எடுத்து வருவேன். ஆனால் எழுதியவர் எழுதியதெல்லாம் என் சபையில் அரங்கேறாது. யாராவது சாகிற இடம் வந்தால் தாண்டிவிடுவேன். அழுதுகொண்டே தைத்து, வெளிர் நிறத் தோலில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை தெரியும். கம்பெனியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி தனியாக இருக்கிற பக்கங்களையும் தாண்டுவேன். அதை மட்டும் ஆபா கண்டுபிடித்துவிடுவார். எங்கள் கூட்டத்திலேயே வயதில் பெரியவரான முஸ்லிம் பெண்மணி அவர். உருதுவில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் அவரை ‘ஆபா’ என்போம். “இன்னாம்மா, ரெண்டு பக்கம் ஜாஸ்தியா திரும்புது?” என்பார். அறையே சிரிக்கும்.

அந்த வருடம் கூட்டத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்புகிற கிராமத்துக்காரி. அவள் கணவரும் பதினைந்து வருடம் மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்து, இங்கே ஒரு ஷூ கம்பெனியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்திருந்தார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் தினம் நாலு மணிக்கு பைக்கில் வந்து எங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். உள்ளே கூப்பிட்டால் தலையை மட்டும் அசைப்பார். ஹாரன் அடிக்க மாட்டார், போனை நோண்ட மாட்டார். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “குடுத்து வெச்சவடி நீ” என்று அவளைக் கிண்டல் செய்வோம். அவளும் சிரித்து வைப்பாள்.

அட்டை போன ஒரு பழைய போர் நாவலை அப்போதுதான் எடுத்து வந்திருந்தேன். ஒரு விவசாயி போருக்குப் போகிறான். பெண்டாட்டி தபால்காரரைப் பார்த்துப் பார்த்து நாளை ஓட்டுகிறாள். கடிதம் நின்றுபோகிறது. பன்னிரண்டு நாள் படித்தேன். வழக்கமாகப் பேச்சுக்கு நடுவில் ஊசி ஓட்டுகிறவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. மிலிட்டரிக்காரர் மனைவி மட்டும் சில இடங்களில் தையலை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் அவன் உயிரோடு திரும்பி வருகிறான். ரயில் நிலையத்தில் பெண்டாட்டி அவனைக் கண்டுபிடிக்கிற இடம். என் திறமை முழுவதையும் கொட்டிப் படித்தேன். அதோடு புத்தகத்தை மூடி, “சுபம்!” என்றேன்.

உண்மையில் சுபம் இல்லை. அதற்கப்புறம் முப்பது பக்கம் இருந்தது. முந்தின நாளே நான் படித்துப் பார்த்துவிட்டேன். அவன் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவள் சாப்பாடு வைக்கிறாள், அவன் சாப்பிடுகிறான், பேசவில்லை. மறுநாளும் அதேதான். பூட்ஸைக் கழற்றாமலே படுக்கிறான். எனக்குக் கொட்டாவி வந்தது. வேலையைக் கெடுக்க இது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்கள். அவள் மட்டும் கேட்டாள்.

“அப்புறம் இன்னா ஆச்சுக்கா?”

“அப்புறம் இன்னா, நாலு புள்ள பெத்துக்கினு நல்லா இருந்தாங்க. உன் வூட்டுக்காரரு மாதிரி நாலு மணிக்கு வந்து டூட்டி பாத்தாரு” என்றேன். நான் சொன்னதற்கு நானே முதலில் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “வந்துட்டா முடிஞ்சிடுமாக்கா?” என்றாள்.

கையிலிருந்த தோலின்மேல் பொட்டென்று விழுந்தது கண்ணீர். கறையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் குனிந்தபடியே சொன்னாள். எல்லையில் ஒரு மேட்டின்மேல் ஏறினால்தான் போன் சிக்னல் கிடைக்குமாம். அந்தக் குளிரில் ஏறி நின்று தினம் பத்து நிமிடம் பேசுவாராம். முதல் கேள்வி எப்போதும் ‘இன்னிக்கு இன்னா கொழம்பு?’தானாம். இவள் சொன்னால், உப்பு சரியா இருக்குதா, எனக்கும் ஒரு கரண்டி எடுத்து வை என்று வம்பு பண்ணுவாராம். ஒரு தடவை கூடவே இருந்த தோஸ்த் இறந்துபோனார். அது மட்டும்தான் இவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஊர் திரும்பினவர், கேட்டதற்கு உம் என்பதைத் தவிர வாய் திறப்பதில்லை.

“அங்க இருந்தப்போ பக்கத்துலயே இருந்தாருக்கா. வந்தப்புறம்தான் தூரமா போய்ட்டாரு. தட்டுல இன்னா போட்டாலும் தின்னுடறாரு. இன்னா கொழம்புன்னு ஒரு நாளாவது கேக்க மாட்டாரான்னு தினம் வெக்கறேன்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தினம் ஜன்னலுக்கு வெளியே நின்ற அந்த மனிதரை வைத்து எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன்! அதைவிட, இவள் கேட்ட கேள்விக்குப் பதில் என் மடியிலேயே இருந்தது. நான்தான் கொட்டாவி விட்டுத் தாண்டியிருந்தேன். மறைக்க முடியவில்லை. “இன்னும் முப்பது பக்கம் இருக்குதும்மா. நான்தான் படிக்கல” என்று சொல்லிவிட்டேன்.

ஆபாதான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “படிம்மா. கறை ஆனா ஆவட்டும்” என்றார்.

படித்தேன். குரலை ஏற்றி இறக்கவெல்லாம் தோன்றவில்லை. அவன் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவள் தட்டை வைக்கிறாள். முந்தின நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்த பக்கங்களை இப்போது ஒரு வரி விடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பாதியில் பைக் சத்தம் கேட்டது. ஜன்னலில் அவர் தோள் தெரிந்தது. நான் நிறுத்தினேன். அவள் என்னைப் பார்த்து, படி என்று கண்ணைக் காட்டினாள். வெளியே இருப்பவருக்கும் கேட்கும் என்று தெரிந்தே மேலே படித்தேன். வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கும்வரை அவர் அசையவில்லை.

இன்னும் பத்துப் பக்கம் இருந்தது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். கொடுத்தேன்.

நாலைந்து நாள் கழித்துத் திருப்பித் தந்தாள். ஒரு பக்கத்தின் ஓரம் மடித்திருந்தது. நூலகப் புத்தகத்தை மடித்தால் எனக்குப் பிடிக்காது. வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“நான் மடிக்கலக்கா. அவருதான் படிச்சிட்டு மடிச்சி வெச்சாரு. நேத்து சாப்புடும்போது கேட்டாரு, ‘அப்புறம் அவங்க ரெண்டு பேரும் இன்னா ஆனாங்க?’ன்னு. வந்ததுலருந்து அவரா கேட்ட மொத கேள்விக்கா அது.”

“நீ இன்னா சொன்ன?”

“புக்கு அதோட முடிஞ்சுபோச்சு, எனக்கும் தெரியலன்னேன். கொஞ்ச நேரம் தட்டையே பாத்துனு இருந்தாரு. அப்புறம் இன்னும் கொஞ்சம் ஊத்துன்னாரு. இன்னா கொழம்புன்னு கேக்கல.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கேப்பாருக்கா” என்றாள்.

அடுத்த சில மாதத்தில் அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்து, வேலூர் சத்துவாச்சாரிக்குக் குடிபோய்விட்டார்கள். அவள் போன் நம்பரை வாங்கி வைக்கத் தோன்றவில்லை எனக்கு. அந்த நாவலை மறுபடி ஒருமுறை நூலகத்தில் பார்த்தேன். மடித்த ஓரம் அப்படியே இருந்தது. நிமிர்த்தப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

இப்போதும் கதை படிக்கிறேன், ஒரு பக்கத்தையும் தாண்டுவதில்லை; ஆபாவுக்கு அதில் தனி சந்தோஷம். ஆனால் நாலு மணி ஆனால் மட்டும் என் கண் தானாக ஜன்னலுக்குப் போகிறது, சத்துவாச்சாரியில் ஏதோ ஒரு வீட்டில் இன்றைக்காவது அவர் “இன்னா கொழம்பு?” என்று கேட்டிருக்க வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.