அம்மா தேடிய சங்கு லொறி

அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் நான் முதலில் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு வெளிவந்த அம்மாவின் மரண அறிவித்தலில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் இருக்கவில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டால் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதே பொருள். அது நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அறிவித்தல் வந்த அன்று மத்தியானம் கனடாவிலிருந்து மாமி தொலைபேசி எடுத்தார். மாமி அப்பாவின் ஒரே தங்கை, எண்பதை எட்டியவர். துக்கம் விசாரிக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

“பிள்ளை, அண்ணை வந்திட்டாரோ?” என்று கேட்டார்.

“இல்லை மாமி.”

“அப்ப நோட்டீசிலை அவற்றை பேருக்கு முன்னாலை ஒண்டும் போடேல்லையே? நான் மூண்டு தரம் வாசிச்சனான். இஞ்சை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

அந்தச் சொல்லை எடுத்துவிட்டவள் நான். மாமியைப் போல இன்னும் எத்தனை பேர் ஒரு கணம் சந்தோஷப்பட்டீர்களோ தெரியாது. உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அம்மாவின் வாழ்க்கையை எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். அதில் லொறிகள் கொஞ்சம் அதிகமாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அச்சுவேலியில் ஐந்து பெண்பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தும் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்து மூன்று வயதில் உரும்பிராயைச் சேர்ந்த அப்பாவைக் கைப்பிடித்தார். லொறி ஓட்டுகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று வீட்டில் முகம் சுளித்தார்களாம். அம்மாவுக்கும் லொறி பிடிக்காது. அப்பா வீட்டுக்கு வந்தால் கருவாட்டு மணமும் எண்ணெய் மணமும் சேர்ந்து வரும், கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தால்தான் சாப்பாடு.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சரக்கைக் கொழும்புக்கு ஏற்றிய கம்பனிகளை யாரும் பதிந்த பெயரால் அழைப்பதில்லை. லொறியின் நெற்றியில் எது வரைந்திருக்கிறதோ அதுதான் கம்பனியின் பெயர். மயில்காரர் இருந்தார்கள், இரட்டைக்கிளிக்காரர் இருந்தார்கள். அப்பா சங்குக்காரரிடம் லொறி ஓட்டினார். சங்கு முதலாளியின் வளவில் நான்கு லொறிகள் நின்றன. நான்கும் இங்கிலாந்தில் செய்தவை, அப்போதே கிழடுகள். கொமர் குரைத்துக்கொண்டு வரும், சந்தி திரும்பும் முன்பே யாருடைய லொறி என்று தெரிந்துவிடும். லேலண்ட் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முனகாது, ஆனால் கியர் போடுகிறவரின் தோள்மூட்டு கழன்றுவிடும். மற்ற இரண்டும் மூக்கு நீண்ட பெட்போர்ட். அப்பா பெட்போர்ட்டைத் தவிர வேறு எதிலும் ஏற மாட்டார். பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில், இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்துவிட்டு மண்ணெண்ணெயிலேயே அதைக் கொழும்பு வரை கொண்டுபோனவர் அவர். அதைச் சொல்லும்போது மட்டும் அப்பாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும்.

கப்பலில் வந்து இறங்கியது எஞ்சினும் சட்டமும் மூக்கும் மட்டுந்தான். பின்பெட்டி முழுவதும் நம்மூர்த் தச்சர்கள் அடித்தது. அப்பாவின் லொறியில் பின்கதவுப் பலகை ஒன்று உடைந்தபோது, எங்கள் வளவில் விழுந்த பனையில் ஒரு துண்டு அறுத்து அவரே பூட்டினார். மற்றவை எல்லாம் வேம்பு, அந்த ஒன்று மட்டும் கறுத்த பனை. “பார்க்கச் சகிக்கேல்லை” என்று அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சங்குக் கந்தோர்ச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. எந்த லொறி, யார் ஓட்டுகிறார், எங்கே போனது, எப்போது வந்தது என்று சோக்கால் எழுதிவைப்பார்கள். தொலைபேசி இல்லாத வீட்டுப் பெண்கள் சந்தைக்குப் போகிற சாட்டில் அந்தப் பலகையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அம்மாவும் பார்ப்பார், பார்த்ததாக ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு வைகாசி மாதம் அப்பா வெங்காயம் ஏற்றிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டார். அண்ணாவுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்குப் பத்து. “வெள்ளிக்கிழமை வந்திடுவன்” என்றார். பாதையில் இரண்டு தரப்பின் காவலரண்களையும் தாண்ட வேண்டும். முதலாவதைத் தாண்டியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதுக்கு வந்ததைக் கண்டவர் யாரும் இல்லை. அதன் பிறகு அப்பாவையும் காணவில்லை, லொறியையும் காணவில்லை.

கந்தோர்ப் பலகையில் அப்பாவின் பெயருக்கு நேரே ‘போனது’ என்ற எழுத்து ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் கணக்கப்பிள்ளை அதை அழித்துவிட்டு வேறொருவரின் பெயரை எழுதிவிட்டார். அம்மா ஊர் கேட்கச் சத்தம் போட்டது அன்று ஒருநாள்தான்.

“ஆரைக் கேட்டு அழிச்சனீர்? வந்தது எண்டு எழுதிப்போட்டெல்லோ அழிக்க வேணும்!”

கணக்கப்பிள்ளை மேல் எனக்கு இன்று கோபம் இல்லை, பலகையில் அவருக்கும் இடம் போதவில்லை.

அம்மா தேடத் தொடங்கினார். அவருடைய நியாயம் மிக எளிமையானது. “ஆளை ஒளிக்கலாம் பிள்ளை, லொறியை எங்கை ஒளிக்கிறது? பெயின்ற் மாத்துவினம், நம்பர் மாத்துவினம். பின்கதவுப் பலகையை ஆர் பாக்கப் போகினம்? லொறியைக் கண்டால் கொப்பரைக் காணலாம்.” ஏழு வருடங்கள் சாவகச்சேரி, கிளிநொச்சி, வவுனியா என்று லொறி நிற்கும் வளவெல்லாம் போனார். எங்களையும் பார்த்துக்கொண்டு, தையலும் தைத்துக்கொண்டு, கிழமையில் ஒருநாள் இதற்கென்றே ஒதுக்கினார். படங்கைத் தூக்கிப் பலகையைத் தடவிப் பார்ப்பார். முதலில் துரத்திய சாரதிகள் பிறகு “பலகை அக்கா” என்று கதிரை போட்டார்கள். லொறியே பிடிக்காத அம்மா, சத்தத்தைக் கேட்டு மார்க்கைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். மயில்காரர் வியாபாரத்தை விட்டது, கிளிக்காரர் லொறிகளைப் பழைய இரும்புக்குக் கொடுத்தது, சங்கு முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போனது எல்லாம் அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். ஒவ்வொரு கம்பனி மூடும்போதும் தேட ஒரு வளவு குறைந்தது.

அண்ணா முதலில் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தார். சியாகுல்லித் தோட்டங்களில் மாந்தரின் பழம் பறித்து, பிறகு உணவகத்தில் பாத்திரம் கழுவி, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் முதல் பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது வதிவிட அனுமதிக்குப் படிவம் நிரப்பிய அன்று, அம்மா விதவையா, மணமானவரா என்று அதிகாரி கேட்டார். மணமானவர் என்றேன். கணவர் எங்கே என்றார். அம்மாவைப் பார்த்தேன்.

“லொறியிலை போயிருக்கிறார் எண்டு சொல்லு” என்றார் அம்மா.

வேலை விடயமாகப் பயணத்தில் இருக்கிறார் என்று, அண்ணாவிடம் பழகிய அரைகுறை இத்தாலிய மொழியில் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது பொய்யாகத் தெரியவில்லை.

இங்கே அம்மா வயதான இரண்டு இத்தாலியச் சிஞ்ஞோராக்களைக் கடைசிவரை பராமரித்தார். இரண்டாமவர் தான் பெற்ற பிள்ளைகளை மறந்த பிறகும் அம்மாவின் பெயரை மறக்கவில்லை. புதிதாக வந்து இடமில்லாமல் நின்ற எத்தனையோ பேர் எங்கள் இரண்டு அறை வீட்டில் படுத்து எழும்பியிருக்கிறார்கள். பல்லரோச் சந்தையில் மீன் வாங்க அம்மா போனால் வியாபாரிகள் தாமாகவே விலையைக் குறைத்துவிடுவார்கள், வாதாட அவர்களுக்குத் தெம்பு இருக்காது. ஆனால் அண்ணாவின் காரில் முன்னால் மட்டும் ஏற மாட்டார். இங்கே சாரதிக்குப் பக்கத்து இருக்கை வலது பக்கம். ஊரில் அது ஸ்டியரிங் இருக்கும் பக்கம், அப்பா இருக்கும் பக்கம் என்பார்.

அண்ணாவின் துயரத்தையும் நான் இங்கே எழுத வேண்டும். மூத்த மகன் என்ற கடமை அவரைப் பதினைந்து வயதிலிருந்து அழுத்தியது. மற்ற வீடுகளில் ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. “அம்மா, ஒரு நாளைக் குறிச்சு அவருக்குச் செய்வம்” என்று ஒருமுறை கேட்டதற்கு, அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன் பிறகு அண்ணா கேட்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோவில் பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். கடற்கரையில் பழைய வாகனங்களை வரிசையாகக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அவற்றுக்கிடையே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மூக்கு நீண்ட பெட்போர்ட் நின்றது. மோல்டாவிலிருந்து வாங்கிவந்ததாக உரிமையாளரான கிழவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. லொறியின் பின்னால் நின்று கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

எதையாவது தேடுகிறீர்களா சிஞ்ஞோரா என்று கிழவர் மரியாதையாகக் கேட்டார்.

“ஒண்டுமில்லை எண்டு சொல்லு பிள்ளை.”

அண்ணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மோல்டாவிலையிருந்து வந்த லொறியம்மா இது!”

“தெரியும் தம்பி,” என்றார் அம்மா. “தெரிஞ்சுகொண்டுதான் பாத்தனான்.”

கிழவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, முன்கதவைத் திறந்து அம்மாவை ஏறச் சொன்னார். அம்மா இடது பக்கம் ஏறி இருந்தார். ஊர் லொறியைப் போலவே வலது பக்கத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த வெற்று இருக்கையைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு மாசியில் நெஞ்சுச் சளி முற்றி அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பின்னேரம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“என்ரை நோட்டீசிலை கொப்பற்றை பேருக்கு முன்னாலை அந்தச் சொல்லைப் போட்டுவிடு. நான் இருக்கும் மட்டும் அவர் இருந்தால் போதும். எனக்குப் பிறகு ஆர் அவருக்காகப் பாத்துக்கொண்டிருக்கப் போகினம்? என்ரை திதியிலையே அவருக்கும் படையுங்கோ. கொண்ணன் பாவம்.”

“விசர்க்கதை கதையாமல் படுங்கோ அம்மா” என்றேன். நான்கு நாட்களில் அம்மா போய்விட்டார். குங்குமம் வைத்தே அனுப்பினோம், அதற்கு அண்ணா மறுப்புச் சொல்லவில்லை.

அறிவித்தல் எழுதும்போது அண்ணா ‘காலஞ்சென்ற’ என்று எழுதினார். நான் அதை வெட்டினேன். “அம்மா ஏதும் சொன்னவவோ?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். முப்பத்து நான்கு வருடங்களாக அம்மா உயிரோடு வைத்திருந்த மனிதரை என் கையால் முடித்துவைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அம்மாவின் கடைசி விருப்பத்தை மீறினேன், அண்ணாவிடம் பொய்யும் சொன்னேன். இதை மலரில் எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

மாமியின் குரல் காதை விட்டுப் போகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள் அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

“எனக்கு ஐம்பது வயசாகப் போகுது. ஒரு பிடி எள்ளுத் தண்ணி இறைக்க அம்மா ஓம் எண்டு சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அவ சொன்னதை நீ ஒளிச்சு வைச்சிருந்தனி.”

நான் அவர் காலடியில் இருந்து அழுதேன். அவரும் அழுதார்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் அம்மாவுக்குக் கிரியை முடிந்ததும் ஐயரிடம் அப்பாவுக்கும் செய்யும்படி கேட்டோம். இறந்த திதி தெரியுமா என்றார். அம்மாவின் திதிதான் என்றார் அண்ணா. பெயரை மூன்று தரம் சொல்லச் சொன்னார் ஐயர். இரண்டு தரம் சொன்ன அண்ணா என் பக்கம் திரும்பினார். மூன்றாவது தரம் நான் சொன்னேன்.

இந்த மலரின் முதற்பக்கத்தில் அப்பாவின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிறது. இம்முறை அச்சுப்பிழையும் இல்லை, ஒளிப்பும் இல்லை.

அம்மாவின் இறுதி நாட்களில் கைகொடுத்த தாதியருக்கும், சமைத்துக்கொண்டு வந்து தந்த அயலவர்களுக்கும், கடல் கடந்து வந்த உறவினர்களுக்கும், அன்று அம்மாவுக்குக் கதிரை போட்ட பெயர் தெரியாத சாரதிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இத்தனை வருடங்களாக எந்த நாட்டில் பழைய லொறி ஒன்றைக் கண்டாலும் பின்கதவைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். அம்மா போன பிறகும் இந்த ஓராண்டில் எட்டுப் படங்கள் அம்மாவின் தொலைபேசிக்கு வந்தன. ஒவ்வொன்றையும் நான் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி. இனித் தேட வேண்டாம்.