தொண்ணூறில் இருந்த நூறு

களக்காட்டுப் பள்ளியில் கோமு டீச்சருக்கு ஒரு பழக்கம். கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம், "எப்படிம்மா போட்ட?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுமையாக நிற்பாள். இதை ஆசிரியர் பயிற்சியில் படித்திருப்பாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே படித்ததெல்லாம் வேறு.

வகுப்புக்கு முதுகு காட்டாமல் கரும்பலகையில் எழுதுவது, சாக்பீஸ் கிரீச்சிடாமல் பிடிப்பது, படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது, எல்லாம் சொல்லித் தந்தார்கள். பாடக்குறிப்பில் ஆசிரியர் கேட்கப் போகும் கேள்விக்கு எதிரே, பிள்ளை சொல்லப் போகும் பதிலையும் முதல் நாளே எழுதிவிட வேண்டும். பிள்ளை வேறு பதிலைச் சொல்லித் தொலைத்தால்? அதற்கு அந்தத் தாளில் இடமே கிடையாது.

முதல் தடவை, வகுப்பு நடத்திக் காட்டும் செய்முறைத் தேர்வில் ஒரு பையன் அப்படித்தான் சொல்லித் தொலைத்தான். கோமு அந்தப் பதிலைப் பாடக்குறிப்பில் தேடினாள். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். தோற்றுப் போய்த் தச்சநல்லூர் வீட்டுக்கு வந்தவளிடம் அப்பா கோபப்படக்கூட இல்லை. "இன்னொரு தடவ பாப்போம் தாயி. அதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

அந்த இன்னொரு தடவை 1993இல், சேரன்மகாதேவியில் ஒரு தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் வாய்த்தது. தேர்வுக்கு முன்பே அங்கே போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டும். அந்த வகுப்பில் மைதீன் பாத்திமா என்றொரு சிறுமி. தொண்ணூறு என்று சொன்னால் 900 என்று எழுதுவாள். கோமு அதை அழித்து, 90 என்று சிலேட்டு நிறைய எழுத வைப்பாள். மறுநாள் கேட்டால் மறுபடியும் 900. தேர்வன்றும் இப்படி எழுதினால் என்ன செய்வது என்று கோமு யோசனை கேட்டுப் போனாள்.

வகுப்பாசிரியர் ஞானையா வழி சொன்னார். "பரீட்ச அன்னைக்கு அந்தப் பிள்ளைய ரெண்டாங் கிளாஸ்ல உக்கார வச்சிரும்மா. எல்லாரும் அப்படித்தான் செய்யுதாவ."

கோமுவும் செய்தாள். அன்று காலை மைதீன் பாத்திமாவின் கையைப் பிடித்துத் இரண்டு வகுப்புக்கும் நடுவே மறைப்பாக நின்ற தட்டிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். பாடம் வழுக்கிக்கொண்டு போனது. எழுதி வைத்த பதில்கள் எழுதி வைத்தபடியே வந்தன. தேர்வாளர், "ரொம்ப நல்லாருந்துச்சும்மா, கவலையில்லாமப் போ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் ஓடிய பிறகும் மைதீன் பாத்திமா இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்துவிட்டாள் போல. கோமுவைக் கண்டதும் கேட்டாள்.

"நான் அங்கன இருந்திருந்தா நீங்க பெயிலாயிருப்பியளா, டீச்சர்?"

பாஸான சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. கோமு அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள். "நீ ஏன்மா 900 போடுத?"

"நீங்கதான நூறுன்னு சொல்லுதிய. எழுநூறு, எண்ணூறு, அடுத்தாப்ல தொண்ணூறு."

கோமு வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்த வரிசை, தொண்ணூறில் ஒரு நூறைச் செருகிக்கொண்டு நின்றது. இத்தனை நாளும் அந்தப் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறாள். கோமுதான் கேட்கவில்லை.

பாடத்துக்காகப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்த ஈர்க்குச்சிகளை எடுத்து வந்து முன்னால் போட்டாள். மைதீன் பாத்திமா கட்டுக் கட்டாக எண்ணினாள். எண்பதுக்கு மேல் ஒரு கட்டு வைத்ததும், "தொண்ணூறு" என்றாள். ஒன்பது கட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நூறு அதோட பேர்லதான் இருக்கு, டீச்சர். இங்கன இல்ல."

சிலேட்டில் 90 என்று எழுதினாள். பிறகு தட்டியைப் பார்த்துக்கொண்டே, "இப்பம் நான் அங்கன வந்து உக்காரலாமா?" என்று கேட்டாள்.

மூன்றாம் வகுப்பில் யாரும் இல்லை. தேர்வாளர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோமுவுக்கும் அன்றோடு பயிற்சி முடிந்துவிட்டது. அவள் பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வைத்தாள். வெளியே போய், வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்தாள்.

"வணக்கம், டீச்சர்" என்று ஒற்றைக் குரல் எழுந்து நின்றது. கோமு பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.