ஓராளுக்குத்தான் இடம்

"போன வாரம் உங்க பத்தியக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பரவை மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார். "ஒரு தீவில் இருந்தேன்" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வெங்காயம் பக்கம் போய்விட்டார்.

நீங்களாவது நம்புங்கள். நிஜமாகவே தீவில்தான் இருந்தேன். அதுவும் பாய்மரப் படகில் போய்.

என் மகள் உமாவுக்கு மூன்று வயது. புதன்கிழமை காதுகுத்து வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அந்த மாமனைக் கார்டு போட்டு வரவழைத்துவிட முடியுமா? வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அதே பேச்சாக இருக்கும்.

மாமன் என்பது என் மனைவியின் தம்பி செல்வம். மண்டபத்தில் வேலை. சனிக்கிழமை போய்த் தட்டை நீட்டினேன். வாங்கி வைத்த கையோடு, "இம்புட்டுத் தூரம் வந்துட்டு தீவைப் பாக்காமப் போறதா மச்சான்? நாளைக்குப் போயிட்டு சாயந்தரம் திரும்பிருவோம். ராத்திரி ரயிலப் பிடிச்சிரலாம்" என்றான்.

மதுரைக்காரனுக்குத் தெரிந்த ஒரே கடல் வண்டியூர் தெப்பக்குளம். அங்கே தெப்பத்தைக் கரையில் நின்று வடம் பிடித்து இழுப்பார்கள். இங்கே யார் இழுப்பது?

காற்று இழுத்தது. படகுக்காரர் சவரி அண்ணன் பாயை விரித்ததும்... சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சுகம். முதல் தீவில் குளித்தோம். இரண்டாவது தீவில் சாப்பிட்டோம். உமாவைக் கூட்டி வராமல் போனோமே என்று இருந்தது.

சாயந்தரம் சவரி அண்ணன் "கிளம்புவமா?" என்றார். செல்வம் வாட்ச்சைப் பார்த்தான்.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சுண்ணே. நல்ல காரியத்துக்குப் போறோம். தோடு வேற கையில இருக்கு. ஆறு மணிக்குக் கிளம்புவோம்."

"எங்களுக்கு அதெல்லாம் கிடையாது தம்பி. உங்களுக்கு வேணும்னா சரி" என்று அவர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஆறு மணிக்கு ராகு காலம் போனது. கச்சான் காற்று வந்தது. தென்மேற்கிலிருந்து பேய்க்காற்று. தீவைச் சுற்றியிருந்த பாறைகள் மேல் அலை வெள்ளையாக உடைந்தது. இப்போது பாய் விரித்தால் கிழிந்துவிடும், காற்று விழட்டும் என்றார் சவரி அண்ணன்.

"எப்பண்ணே விழும்?"

"விழுறப்ப விழும்."

திங்கட்கிழமை விழவில்லை. மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடித்தோம். மூன்று வேளையும் மீன். செல்வம் அடிக்கொரு தரம் சட்டைப்பையிலிருந்து ரோஸ் பேப்பரை எடுத்துப் பிரிப்பான். தோடு இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைப்பான். உமா பிறந்த அன்றைக்கே கடையில் பார்த்து வைத்த டிசைனாம் அது.

"நான் போகலைன்னா பெரியப்பா மகனை உக்கார வச்சிருவாங்களா மச்சான்? எம் மடி இருக்கையில வேற ஆளு மடியிலயா?" கேட்டுவிட்டு மறுபடியும் ரோஸ் பேப்பரைப் பிரித்தான்.

"நான் விட்ருவேனாடா மாப்ள?" என்றேன். நானும் அதே தீவில்தான் இருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

தள்ளிப்போடவும் முடியாது, ஆடி பிறந்தால் விசேஷம் வைக்க மாட்டார்கள். ஆபீஸில் லீவு கேட்கலாம், கண்டக்டரிடம் கெஞ்சலாம். காற்றிடம் யாரை அனுப்பிப் பேசுவது?

செவ்வாய் மத்தியானம், தீவுக்கு மறுபக்கம் ஒதுங்கியிருந்த ஒரு விசைப்படகு கரை திரும்பும் வழியில் எங்களைப் பார்த்து நின்றது. எங்களை மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் அதில் ஏற்கெனவே நெருக்கியடித்து நின்றார்கள். "ஓராளுக்குத்தான் எடம்" என்றார் ஓட்டுகிறவர். சவரி அண்ணன் காதுகுத்து விஷயத்தைச் சொன்னார்.

"இதுல தாய்மாமன் யாரு?"

செல்வம் கையைத் தூக்கினான்.

"ஏறு. அவரு யாரு?"

"பிள்ளையோட அப்பா" என்றேன்.

"அவரு இல்லாமக் குத்தலாம்ல?"

குத்தலாம்தான்.

செல்வம் ஏற மாட்டேன் என்று நின்றான். "உங்கள விட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அக்காவப் பாக்குறது?"

"அங்க உன் மடிதான் வேணும், மூஞ்சி வேணாம். போடா மாப்ள" என்று தள்ளி ஏற்றிவிட்டேன்.

புதன்கிழமையும் காற்று நிற்கவில்லை. இப்போது மாலை போட்டிருப்பார்கள், இப்போது குத்தியிருப்பார்கள், இப்போது பந்தி... சொல்லிக்கொண்டே இருந்தேன். சவரி அண்ணன் மீன் கழுவியபடி உம் கொட்டினார்.

வியாழக்கிழமை ஒருவழியாக விழுந்தது. மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்தால், உமா புதுத் தோட்டோடு மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சா மாப்ள?"

"ஒரு குறையும் இல்ல மச்சான். ஆனா..." என்று இழுத்தான்.

"என்னடா?"

"மாமா இருக்கேன், மாமா இருக்கேன்னு காதுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். ஆசாரி குத்துனதும் 'அப்பா'ன்னுல்ல கத்திட்டா."

அவன் முகத்தில் வருத்தம் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு? வெளியே சொல்லக் கூடாது, அவ்வளவு சந்தோஷம். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

பிள்ளை கூப்பிட்ட நேரத்தில் நான் தீவில் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.